பைபாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் துடிப்பை யார் பாக்குறது

எங்கப்பாவுக்கு பைபாஸ் ஆனதுலேர்ந்து தெரிஞ்சவங்க யார் வீட்ல ஹார்ட் ஆபரேஷன்னாலும் எனக்கு ஒரு போன் வருது, "அந்த ஈசிஜி எடுக்குற வாட்ச் வாங்கிரலாமா, இல்ல காசு வேஸ்ட்டா"ன்னு. போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமில்ல, அதான் மொத்தமா எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். வாங்கலாம்னு தான் நான் சொல்வேன். ஆனா வாட்ச் "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொல்லும், நாம நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சு வாங்காதீங்க. அது எடுத்துக் கொடுக்குற 30 செகண்ட் கோடு இருக்குல்ல, அதை டாக்டர் கண்ணுல காட்டுறதுக்காக வாங்குங்க. இந்த வித்தியாசம் புரிய மத்த எல்லாத்தையும் சொல்லியாகணும்.

ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் துடிப்பு தாறுமாறா ஓடுறது ரொம்ப சாதாரணமா நடக்குற விஷயம், இது ஆபரேஷனுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு, டாக்டர்கள் சுருக்கமா ஏஎஃப்னு சொல்லிட்டு போயிருவாங்க. 100 பேருக்கு பைபாஸ் பண்ணா 20லேர்ந்து 40 பேருக்கு இது வருது, வால்வு ஆபரேஷன்னா இன்னும் கூட. பெரும்பாலும் ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள தான் தலைகாட்டும். நெஞ்சைத் திறந்து இதயத்தைத் தொட்டு வேலை பாத்ததுல உள்ள வீக்கம் இருக்கும், சுத்தி கொஞ்சம் தண்ணி கோத்திருக்கும், பொட்டாசியம் மெக்னீசியம் ஏறி இறங்கும், உடம்பே ஒரு அதிர்ச்சியில அட்ரினலினைக் கொட்டிட்டு இருக்கும், இதெல்லாம் சேர்ந்து இதயத்தோட மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம சும்மா நடுங்க ஆரம்பிக்கும். கீழ் அறைகளுக்கு எப்ப துடிக்கணும்னு சிக்னல் கண்டபடி வரும், அதனால நாடி ஒரு கணக்கே இல்லாம ஓடும்.

அப்பாவை ஐசியூவுலேர்ந்து வார்டுக்கு மாத்தின ராத்திரி தான் எங்களுக்கு இது நடந்துச்சு. மானிட்டர்ல நம்பர் 90ல இருந்தது 140, 118, 152ன்னு குதிச்சுக்கிட்டே இருக்கு, அப்பா என்னடான்னா "எனக்கு ஒண்ணும் பண்ணலையே பாப்பா, நீ ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க"ன்னு கேக்குறாரு. நர்ஸ் அக்கா வந்து பாத்துட்டு "பயப்படாதீங்க, பைபாஸ் பண்ணவங்களுக்கு வர்றது தான், ட்ரிப் போட்டா இறங்கிரும்"னாங்க. துடிப்பை நேராக்குற அமியோடரோன்னு ஒரு மருந்து போட்டாங்க, மறுநாள் துடிப்பு நேராச்சு, கொஞ்ச நாள்ல டிஸ்சார்ஜும் ஆயிட்டோம். அதோட அந்த விஷயம் முடிஞ்சதாத்தான் வீட்ல எல்லாரும் நெனச்சோம்.

முடியறதில்ல, அது தான் பிரச்சனை. ஆஸ்பத்திரில இருக்குறவரைக்கும் 24 மணி நேரமும் மானிட்டர் இருக்கு, அலாரம் இருக்கு, ராத்திரி ட்யூட்டி நர்ஸ் இருக்காங்க. வீட்டுக்கு வந்த நிமிஷத்துலேர்ந்து ஒண்ணும் கிடையாது. அப்புறம் ரிவ்யூவுக்கு போறப்ப ஒரு ஈசிஜி எடுப்பாங்க, அந்தத் தாள்ல இருக்குறது வெறும் 10 செகண்ட். ஏஎஃப் வந்துட்டுப் போற சாதி, காலைல வந்துட்டு மத்தியானம் போயிருக்கும், அந்த 10 செகண்ட்ல அது இல்லேன்னா "சைனஸ் ரிதம், நார்மல்"னு எழுதிருவாங்க, அதுவும் பொய்யில்ல, அந்த 10 செகண்டுக்கு அது உண்மை தான்.

கனடால ஒரு ஆய்வு பண்ணாங்க, சர்ச் ஏஎஃப்னு பேரு, 2021-ல வந்துச்சு. ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆனவங்க, ஸ்ட்ரோக் வர வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்குறவங்க, ஆனா ஆஸ்பத்திரில ஏஎஃப் வரவே இல்ல, இல்ல கொஞ்ச நேரம் மட்டும் வந்துட்டுப் போச்சு, அப்படிப்பட்ட 336 பேரை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு நெஞ்சுல ஒட்டுற பேட்ச் ஒட்டி 30 நாள் துடிப்பை விடாம பதிவு பண்ணாங்க, இன்னொரு பாதிக்கு வழக்கமா பண்ற செக்கப் மட்டும். பேட்ச் ஒட்டுனவங்கள்ல 19.6 சதவீதம் பேருக்கு ஏஎஃப் (இல்ல அதோட கூடப்பிறந்த ஃப்ளட்டர்) கண்டுபிடிச்சாங்க, வழக்கமான செக்கப்ல 1.7 சதவீதம். நோயாளிகள் ஒரே மாதிரி ஆளுங்க தான், துடிப்பும் ஒரே மாதிரி தான் தப்பிருக்கும், பாத்த பக்கம் தெரிஞ்சுச்சு, பாக்காத பக்கம் தெரியல, அவ்வளவு தான். இந்த நம்பரைப் படிச்சப்புறம் தான் நான் வாட்ச் பக்கமே போனேன்.

தெரியாம போனா என்னன்னு கேக்கலாம், அப்பாவுக்கு ஒண்ணுமே பண்ணல தானே. மேல் அறை சுருங்காம நடுங்கிட்டே இருந்தா ரத்தம் முழுசா வெளியேறாது, இடது மேல் அறையில ஒரு சின்னப் பை தொங்கிட்டு இருக்கும், அதுக்குள்ள ரத்தம் தேங்கும், வாய்க்கால் மூலைல தேங்குற தண்ணில பாசி படியற மாதிரி தேங்குன ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு கிளம்பி மூளைக்குப் போற குழாய்ல போய் அடைச்சா ஸ்ட்ரோக். பொதுவா ஏஎஃப் இருக்குறவங்களுக்கு ஸ்ட்ரோக் வர்ற ஆபத்து அது இல்லாதவங்களை விட அஞ்சு மடங்குன்னு சொல்றாங்க. இதயத்தைக் காப்பாத்த அவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டு வந்த மனுஷன் கை கால் விழுந்து படுத்தா அந்த வீடு என்ன ஆகும்னு நெனச்சா எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குது.

சரி, வாட்ச் எப்படிப் பாக்குது. ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டு நிறைய பேர் கடையில ஏமாறாங்க. வாட்சுக்கு அடியில பச்சையா மினுக்குற லைட் தோலுக்கு அடியில ரத்தம் வந்து போறதைப் பாத்து துடிப்பை எண்ணும், இது ஈசிஜி இல்ல, நாடி பாக்குறது தான், கை ஆடுனாலோ பட்டை தொளதொளன்னு இருந்தாலோ தப்பா எண்ணும். ரெண்டாவது, வாட்சுல உலோகம் இருக்குற இடத்துல இன்னொரு கை விரலை வச்சா இதயம் துடிக்கிறப்ப அதுல உண்டாகுற மின்சாரத்தை ரெண்டு கைக்கும் நடுவுல 30 செகண்ட் பதிவு பண்ணும், இது நெஜ ஈசிஜி, ஆஸ்பத்திரில இதயத்தை 12 கோணத்துலேர்ந்து பாக்குற 12 லீடு எடுக்குறாங்கல்ல அதுல முதல் லீடு மட்டும். இந்த ரெண்டாவது வசதி இருக்கா இல்லையான்னு கேட்டு வாங்குங்க. விலை கம்மியா வர்ற பேண்டுகள் பலதுலயும் பச்சை லைட்டு மட்டும் தான், "ஹார்ட் ரேட் மானிட்டர்"னு டப்பாவுல எழுதியிருக்கும், அது துடிப்பு எத்தனைன்னு சொல்லும், ஒழுங்கா இருக்கான்னு சொல்லாது. ஆப்பிள் வாட்சுல 2018-ல வந்த சீரிஸ் 4லேர்ந்து ஈசிஜி இருக்கு, ஆனா எஸ்இ மாடல்ல கிடையாது, அதோட ஐபோனும் வேணும். ஆண்ட்ராய்டு போன் வச்சிருக்குறவங்களுக்கு அலைவ்கோர் கம்பெனியோட கார்டியா மொபைல்னு விரல் நீளத்துல ஒரு பட்டை இருக்கு, ரெண்டு கை விரலையும் அதுல வச்சா போதும், வாட்சே தேவையில்ல. வயசானவங்களுக்கு அது தான் எனக்கு வசதியா தெரியுது, எங்க வீட்டுக்கு அக்கா துபாய்லேர்ந்து ஆப்பிள் வாட்ச் அனுப்பிட்டதால அதைத் தான் வச்சிருக்கோம்.

இப்ப முக்கியமான எடம். ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு வாட்ச் எவ்வளவு சரியா சொல்லுதுன்னு அமெரிக்கால க்ளீவ்லேண்ட் கிளினிக்ல பாத்தாங்க, 2020-ல வந்துச்சு, 50 பேர், எல்லாரும் ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரில இருந்தவங்க, ஒரு பக்கம் துடிப்பை விடாம பாக்குற டெலிமெட்ரி மானிட்டர் ஓடிட்டு இருக்கு, இன்னொரு பக்கம் ஆப்பிள் வாட்ச் 4ல ஈசிஜி எடுக்குறாங்க. ஏஎஃப் இருந்த நேரத்துல வாட்ச் தானா "ஏஎஃப்"னு சொன்னது 41 சதவீதம் தான். ஆனா அதே வாட்ச் எடுத்த அதே கோட்டை பிடிஎஃப்பா ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் கையில கொடுத்தப்ப 96 சதவீதம் சரியா கண்டுபிடிச்சாங்க. அப்ப கருவி பதிவு பண்றதுல குறை இல்ல, அது தானா தீர்ப்பு சொல்றதுல தான் குறை. இன்னொண்ணும் கவனிங்க, ஏஎஃப் இல்லாதப்ப இருக்குன்னு அது ஒரு தடவை கூட சொல்லல. அதனால வாட்ச் ஏஎஃப்னு சொன்னா உடனே டாக்டர்ட்ட போங்க, சொல்லலேன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

இதுல "இன்கன்க்ளூசிவ்"னு ஒரு பதில் வரும், முடிவு சொல்ல முடியலேன்னு அர்த்தம். ஸ்விட்சர்லாந்து பாசெல்ல அஞ்சு கம்பெனி கருவிகளை ஒப்பிட்டு 2023-ல ஒரு ஆய்வு வந்துச்சு, கருவியைப் பொறுத்து 17லேர்ந்து 26 சதவீதம் பதிவுகள்ல இந்த மாதிரி முடிவில்லாத பதில் தான். துடிப்பு ரொம்ப வேகமா இருந்தாலோ, ரொம்ப மெதுவா இருந்தாலோ, நடுவுல அதிகப்படி துடிப்பு விழுந்தாலோ, கை நடுங்குனாலோ அப்படி வரும். ஆபரேஷன் ஆன உடம்புல இதெல்லாமே இருக்கும். நிறைய பேர் இந்தப் பதிலைப் பாத்துட்டு "வாட்ச் சரியா எடுக்கல"ன்னு அழிச்சுட்டு திரும்ப எடுக்குறாங்க. தயவுசெஞ்சு அழிக்காதீங்க.

எங்கப்பாவுக்கு வந்தது அது தான். வீட்டுக்கு வந்து சில வாரம் ஆயிருந்துச்சு, வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காந்தவரு "இன்னிக்கு என்னமோ அசதியா இருக்கு"ன்னாரு, படபடப்பு இல்ல, வலி இல்ல, அசதி மட்டும். "அப்பா, கையை மேஜை மேல வைங்க, விரலை வைங்க, பேசாம இருங்க"ன்னு சொல்லி எடுத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் விரல் எப்பவும் காஞ்சு போயே இருக்கும், கொஞ்சம் ஈரம் பண்ணிட்டு வச்சா தான் கோடு தெளிவா விழும். இன்கன்க்ளூசிவ். திரும்ப எடுத்தேன், அதே பதில். பிடிஎஃப்பா டாக்டருக்கு வாட்ஸ்அப்ல போட்டேன், அவர் டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லி வச்சிருந்தாரு, "வாட்ச் என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வேணாம்மா, அந்தக் கோட்டை மட்டும் அனுப்புங்க"ன்னு. அரை மணி நேரத்துல "கூட்டிட்டு வாங்க"ன்னு பதில்.

போனப்ப அவர் அந்த பிடிஎஃப்பை பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாரு. கட்டம் போட்ட தாள், மூணு வரிசை, வரிசைக்கு 10 செகண்ட். ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அதோட ஓரத்தைக் கோட்டுக்குக் கீழ வச்சு பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு கூர் முனைக்கு நேரா பேனாவால ரெண்டு புள்ளி வச்சாரு, அப்புறம் சீட்டை அப்படியே அடுத்த முனைக்கு நகர்த்துனாரு. ஒழுங்கான துடிப்புன்னா ரெண்டு புள்ளியும் ஒவ்வொரு தடவையும் முனைகளோட பொருந்தணும். அப்பாவோடதுல ஒரு எடத்துல கூட பொருந்தல, ஒண்ணு முன்னாடி வருது, ஒண்ணு பின்னாடி போகுது. ஒவ்வொரு கூர் முனைக்கும் முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கணுமாம், மேல் அறை சுருங்குறதோட அடையாளம், அது எங்கயுமே இல்ல, கோடு சும்மா நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கே 12 லீடு ஈசிஜியும் எடுத்து உறுதி பண்ணிட்டாரு. அப்பாவே அந்தச் சீட்டை வாங்கி நகர்த்தி நகர்த்திப் பாத்தாரு, அதுக்கப்புறம் தான் மாத்திரையை யாரும் ஞாபகப்படுத்தாம அவரே போட ஆரம்பிச்சாரு.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சாங்க, ஏற்கனவே போட்டுட்டு இருந்த ரெண்டு ஆன்ட்டி பிளேட்லெட் மாத்திரைல (ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பாக்குறது) ஒண்ணை நிறுத்துனாங்க, எல்லாத்தையும் சேத்துப் போட்டா வயித்துலயோ மூளைலயோ ரத்தக்கசிவு வரலாம்னு. இதை எழுதக் காரணம் இருக்கு. வாட்ச்ல ஏஎஃப்னு வந்துருச்சு, கூகுள்ல பாத்தேன், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டேன்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு, எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த மாத்திரை யாருக்கு, எத்தனை மாசத்துக்குங்கிறதுல டாக்டர்களுக்குள்ளயே இன்னும் ஒரே கருத்து இல்ல. டென்மார்க்ல லூப்னு ஒரு ஆய்வு, 2021-ல வந்தது, அது ஆபரேஷன் ஆனவங்க இல்ல, 70 வயசும் அதுக்கு மேலயும் ஆன, ஸ்ட்ரோக் வர வாய்ப்பு கொஞ்சம் கூட இருக்குற ஆளுங்க, தோலுக்கு அடியில கருவி வச்சு வருஷக்கணக்கா பாத்தாங்க. ஏஎஃப் 31.8 சதவீதம் பேருக்கு கண்டுபிடிச்சாங்க, கருவி வைக்காதவங்கள்ல 12.2, ஆனா ஸ்ட்ரோக் குறைஞ்சுச்சுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. பைபாஸுக்கு அப்புறம் வர்ற ஏஎஃப்புக்கு இந்த மாத்திரை சேக்குறது நல்லதா இல்லையான்னு பாக்குறதுக்குன்னே பேசஸ்னு தனியா ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. சுகர், பிபி, வயசு, ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்திருக்கா, ஏஎஃப் எவ்வளவு நேரம் நிக்குது, இதெல்லாம் கணக்குப் போட்டுத் தான் முடிவு பண்றாங்க. அப்பாவுக்கு சுகரும் இருக்கு பிபியும் இருக்கு.

எங்க அத்தை கதை வேற. சின்ன வயசுல வந்த ரூமேட்டிக் காய்ச்சல்ல மைட்ரல் வால்வு கெட்டுப்போய் மெட்டல் வால்வு வச்சவங்க. ஏஎஃப் இருந்தாலும் இல்லாட்டியும் அவங்க ஆயுசுக்கும் அசிட்ரோம்னு ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை போட்டாகணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் பாத்தாகணும், புதுசா வந்த மாத்திரைக்கெல்லாம் மாறவும் கூடாது. அவங்களுக்கு வாட்ச் வாங்குறதை விட அந்தக் காசுக்கு மாசாமாசம் ஐஎன்ஆர் டெஸ்ட் விடாம எடுக்குறது நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு, எனக்கும் அது சரின்னு தான் படுது.

வாட்ச் வாங்கிட்டீங்கன்னா சில விஷயம். பைபாஸுக்கு சில பேருக்கு இடது முன்கையிலேர்ந்து ரத்தக்குழாய் எடுத்திருப்பாங்க, காலுக்கு பதிலா, அப்படின்னா தையல் ஆறுறவரைக்கும் அந்தக் கையில கட்டாதீங்க, எந்தக் கையில கட்டலாம்னு டாக்டர்ட்டயே கேட்டுக்கோங்க, வாட்ச் எந்தக் கையில இருக்குன்னு செட்டிங்ஸ்லயும் மாத்துங்க, இல்லேன்னா கோடு தலைகீழா விழும். மணிக்கட்டு எலும்புக்கு கொஞ்சம் மேல, நகராத அளவுக்கு இறுக்கமா இருக்கணும். ஆப்பிள் வாட்சுல துடிப்பு ஒழுங்கா இல்லேன்னா தானா எச்சரிக்கை பண்ற வசதியை ஆன் பண்றப்ப "டாக்டர் உங்களுக்கு ஏஎஃப்னு ஏற்கனவே சொல்லியிருக்காரா"ன்னு கேக்கும், ஆமான்னா அந்த வசதி உங்களுக்கானது இல்ல, அதனால ஆஸ்பத்திரில ஒரு தடவை வந்தவங்க விரல் வச்சு எடுக்குற ஈசிஜியைத் தான் நம்பணும். நாங்க காலைல காபிக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு, நடுவுல ஏதாவது பண்ணுச்சுன்னா ஒண்ணுன்னு வச்சிருக்கோம், கூடவே "மாடி ஏறினப்ப மூச்சு வாங்குச்சு"ன்னு ஒரு வரி எழுதி வைப்போம். அதுக்கு மேல எடுக்க விடுறதில்ல. ஆரம்பத்துல அப்பா சும்மா சும்மா விரலை வச்சுக்கிட்டு இருந்தாரு, பயத்துலயே துடிப்பு ஏறும், ஏறுனதைப் பாத்து இன்னும் பயம் வரும், அதனால அம்மா கறாரா நிறுத்திட்டாங்க.

வாட்ச் வாங்க முடியாதவங்க மனசு ஒடிஞ்சு போக வேண்டாம். மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் இருக்குற ரேடியல் நாடியில மூணு விரலை வச்சு முழுசா ஒரு நிமிஷம் பாருங்க, 15 செகண்ட் பாத்து நாலால பெருக்காதீங்க, ஒழுங்கில்லாததை அதுல கண்டுபிடிக்க முடியாது. வீட்ல இருக்குற பிபி மெஷின் பலதுலயும் துடிப்பு ஒழுங்கா இல்லேன்னா ஒரு சின்ன இதயப் படம் மினுக்கும், மேனுவலை எடுத்துப் பாருங்க. அது திரும்பத் திரும்ப வந்தா பக்கத்து ஆஸ்பத்திரில, ஆரம்ப சுகாதார நிலையமா இருந்தாலும் பரவால்ல, ஒரு ஈசிஜி எடுத்து உங்க கார்டியாலஜிஸ்டுக்கு அனுப்புங்க. ஹோல்டர் போடலாமான்னும் கேளுங்க, துடிப்பை விடாம பதிவு பண்ண 24 மணி நேரம் இடுப்புல கட்டிட்டு இருக்குற சின்னப் பெட்டி தான். நார்மன் ஹோல்டர் 1940கள்ல முதல்ல செஞ்சப்ப அது முதுகுல சுமக்குற 38 கிலோ மூட்டை, இன்னிக்கு சட்டைக்குள்ள தெரியவே தெரியாது.

ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். எந்த வாட்சும் ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்குது, வேர்க்குது, இல்ல வாய் ஒரு பக்கம் கோணுது, கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா ஈசிஜி எடுத்துட்டு இருக்காதீங்க, 108க்கு அடிங்க.

இப்ப ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல இருக்குறவங்க டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து "கோர்ஸ் இன் ஹாஸ்பிடல்"னு இருக்குற பத்தியைப் படிங்க. அதுல ஏஎஃப், பிஓஏஎஃப், ஏஎஃப் வித் ஆர்விஆர், ரிவர்டட் டு சைனஸ் ரிதம், இதுல எது இருந்தாலும் உங்களுக்கும் ஆஸ்பத்திரில வந்து போயிருக்குன்னு அர்த்தம், எங்களுதுல ஒரே ஒரு வரியா ரெண்டாவது பக்கத்துல இருந்துச்சு. அடுத்த ரிவ்யூவுக்கு அந்த வரியில கோடு போட்டு எடுத்துட்டுப் போங்க, "இதுக்கு அப்புறம் எங்களுக்கு எப்படி மானிட்டர் பண்ணப் போறீங்க சார்"னு கேளுங்க. அப்பாவுக்கு அடுத்த ரிவ்யூல ஒரு வாரத்துக்கு பேட்ச் ஒட்டிப் பாக்கப் போறாங்க, அதுல ஏஎஃப் இல்லேன்னா மாத்திரையை நிறுத்தலாமான்னு அப்புறம் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு.